நீராவி ரயிலில் ஓர் அருங்காட்சியகம் தர்மபுரிக்கு வருமா?

தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வெளிநாடுகளில் பழைய நீராவி ரயிலைச் சீரமைத்து, அதன் பெட்டிகளுக்குள் அருங்காட்சியகம் அமைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்களாமே, அப்படி ஒன்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வர வாய்ப்பு உண்டா? நம் நடுகற்களை அதில் ஏற்றி மற்ற ஊர்க்காரர்களுக்கும் காட்ட முடியுமா?" இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்ஜின் வருமா, பெட்டிகள் வருமா, கல் ஏறுமா என்பவையே அவை. பெட்டிகள் தாராளமாக வரலாம். இன்ஜின் வந்தாலும் சிறிது தூரம்தான் ஓட முடியும். கல் ஏறக் கூடாது. இந்த மூன்றாவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் முதலிரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

நான் அருங்காட்சியகப் பொருட்களின் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவன். பழம்பொருட்களைச் சுத்தம் செய்வது, அரிப்பை நிறுத்துவது, வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புவது, திரும்பி வந்ததும் பிரித்துச் சரிபார்ப்பது ஆகியவை என் பிழைப்பு. எனவே பொருட்களைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தடத்தில் எந்த வண்டியை விடுவது என்பது ரயில்வேயின் முடிவு. அந்த இடங்களில் நான் சொல்வது கணிப்பு மட்டுமே. எது எது என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மிகப் பெரிய முன்னுதாரணம் அமெரிக்காவின் சுதந்திர ரயில். அந்த நாட்டின் 200-வது ஆண்டையொட்டி 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் 26 பெட்டிகளுடன் 48 மாநிலங்களைச் சுற்றி வந்தது. எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். முறை வைத்து அதை இழுத்த நீராவி இன்ஜின்களில் ஒன்று போர்ட்லாண்ட் நகரப் பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. இன்னொன்று பால்டிமோரில் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. இரண்டையும் எடுத்து வந்து ஓட வைத்தார்கள். இதற்கு முன்பு 1947 முதல் 1949 வரை ஒரு சுதந்திர ரயில் ஓடியிருக்கிறது. அதை இழுத்தது டீசல் இன்ஜின். அதில் பயணித்தவை அந்த நாட்டின் மூல ஆவணங்கள். மெம்ஃபிஸ், பர்மிங்ஹாம் ஆகிய இரண்டு நகரங்களில் கறுப்பின மக்களையும் வெள்ளையரையும் தனித்தனியாகத்தான் உள்ளே விடுவோம் என்று நகர நிர்வாகங்கள் பிடிவாதம் பிடித்தபோது, அந்த நிறுத்தங்களையே ரத்து செய்துவிட்டார்கள். பொதுச் சொத்தைப் பார்க்க ஒரே வரிசைதான் என்ற அந்த முடிவு, அதில் ஏற்றப்பட்டிருந்த எந்தக் காகிதத்துக்கும் குறைந்தது அல்ல என்பது என் எண்ணம்.

நீங்கள் மனத்தில் வைத்திருப்பதற்கு மிக நெருக்கமானது ஜெர்மனியின் 'நினைவு ரயில்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதக் குழந்தைகளை வதை முகாம்களுக்கு ரயிலில்தான் ஏற்றிச் சென்றார்கள். அந்தக் குழந்தைகளின் புகைப்படங்களையும் கடிதங்களையும் பழைய பெட்டிகளில் காட்சிக்கு வைத்து, நீராவி இன்ஜின் இழுக்க, 2007 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் புறப்பட்டு 2008 மே மாதம் ஆஷ்விட்ஸ் வதை முகாம் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தடத்தில் ஓடுவதற்கு ரயில் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பெர்லின் மத்திய நிலையத்துக்குள் புகையைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. கட்டணமும் புகையும் நமக்கும் வரப்போகும் சிக்கல்கள் என்பதால்தான் இதை எடுத்துச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் கண்காட்சி ரயில்களுக்குப் பஞ்சமில்லை. 2007 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் மன்மோகன் சிங்கும் ஜெர்மனியின் ஏங்கலா மெர்க்கலும் கொடியசைத்துத் தொடங்கிவைத்த 'சயின்ஸ் எக்ஸ்பிரஸ்' 16 குளிர்சாதனப் பெட்டிகளுடன் பத்தாண்டு காலம் நாட்டைச் சுற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக 'ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்' புறப்பட்டது. 2010-இல் அன்னை தெரசாவின் நூற்றாண்டுக்கு மூன்று பெட்டிகளில் ஒரு சிறிய கண்காட்சி ரயில் விடப்பட்டது. மூன்று பெட்டி போதும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பெட்டிகளைக் கண்காட்சிக்கூடமாக மாற்றும் வேலையும் கடினமானதல்ல. இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை உள்பக்கம் பலகையால் மூடி, ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும்படி வழி அமைத்து, மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் பெட்டியைச் சேர்த்தால் ஆயிற்று.

நீராவி இன்ஜின் விஷயம் வேறு. அகலப்பாதையில் நீராவி இன்ஜின்களின் அன்றாட ஓட்டம் 1995-உடன் நின்றுபோனது. சித்தரஞ்சன் ஆலை கடைசி நீராவி இன்ஜினைக் கட்டியது 1972-இல். ஆனால் கைத்திறன் நம்மிடம் அழிந்துவிடவில்லை, அதிலும் தமிழ்நாட்டில். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டப்பட்டு, ஓய்வுபெற்றபின் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்ற 'இ.ஐ.ஆர். 21' இன்ஜினை 2010-இல் ஓட வைத்தது சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்காகப் புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுத்திருக்கிறது.

இனித் தர்மபுரிக்கு வருவோம். ஓமலூரில் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாதை, தர்மபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஒசூரை அடையும்போது 900 மீட்டரை நெருங்கிவிடுகிறது. தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலையைக் குடைந்து வளைந்து ஏறும் ஒற்றைப் பாதை. 2021 நவம்பரில் பாறை உருண்டு கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் தடம் புரண்டது அங்கேதான். 1855-ஆம் ஆண்டு இன்ஜினைக் கண்காட்சிப் பெட்டிகளோடு அந்த ஏற்றத்தில் விடச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. பெட்டிகளைச் சாதாரண மின்சார இன்ஜின் கொண்டுவரட்டும். நீராவி இன்ஜின் நெருப்பில்லாமல் இழுத்து வரப்பட்டு, தர்மபுரிக்கும் பக்கத்து நிலையத்துக்கும் இடையே சமதளத்தில் மட்டும் ஓடட்டும். இது என் கணிப்புதான், ஆனாலும் அனுமதி கிடைத்தால் இந்த வடிவில்தான் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே இரண்டு தொழில்நுட்பத் தடைகள் உண்டு. ஒன்று, பாதை மின்மயமாகிவிட்டது. 25,000 வோல்ட் கம்பிக்கு அடியில் நீராவி இன்ஜின் ஓடுவதில் தவறில்லை, எழும்பூரில் ஓடியதும் கம்பிக்கு அடியில்தான். ஆனால் தண்ணீர் நிரப்பவோ கரி ஏற்றவோ ஆள் மேலே ஏற முடியாது. மின்சாரத்தை நிறுத்திய தடம் ஒன்றில்தான் அதைச் செய்ய வேண்டும். புகைக்கரி கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் படிந்தால் மின்கசிவு ஏற்படும், அவற்றையும் துடைத்தாக வேண்டும். இரண்டாவது, தண்ணீர். பெரிய அகலப்பாதை நீராவி இன்ஜினின் தொட்டி 22,000 லிட்டர் கொள்ளும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் பாய்லருக்குள்ளும் படியும். படிந்தால் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறும், குழாய்கள் கசியும். பழைய பாய்லரைச் சாகடிப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. நீரை மென்மையாக்கியோ, ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவந்தோதான் ஊற்ற வேண்டும்.

இனி என் துறை. நீராவி இன்ஜினும் அருங்காட்சியகப் பொருளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. கரி எரியும்போது வரும் புகையில் கந்தகம் இருக்கிறது. வெள்ளியை அது கறுக்க வைக்கும், காகிதத்தையும் தோலையும் அமிலமாக்கி நொறுங்க வைக்கும், வெண்கலத்தில் அரிப்பைத் தூண்டும். ஓடும் வண்டியின் ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துவைத்துச் சிறிது நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல்நிறக் கோடு விழும், விரல்நுனியில் மணல்போல நெருடும். அந்தக் காலத்தில் கரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களின் கண்ணில் விழுந்து உறுத்தியது இதுதான். மூடிய குளிர்சாதனப் பெட்டியிலும் வடிகட்டி சரியில்லை என்றால் இது உள்ளே வரும். ஓலைச்சுவடிக்கும் பழந்துணிக்கும் வெளிச்சமே பகை என்று 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் விளக்குப் போடாமல் காக்கிறோம். அப்படிப்பட்டதைக் கரிப்புகைக்குப் பின்னால் கட்டி இழுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

வெப்பமும் அதிர்வும் அடுத்தவை. ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஏப்ரல் வெயிலில் மூடிய இரும்புப் பெட்டியின் உள்ளே 50 டிகிரியைத் தொடும். திரும்பக் குளிரூட்டும்போது ஈரப்பதம் ஒரேயடியாக மாறும். மரமும் தந்தமும் ஓலையும் வெடிப்பது இந்த மாற்றத்தில்தான். ஓடும்போது ஏற்படும் ஆட்டத்தை வில்களும் நுரைமெத்தையும் ஓரளவு தாங்கும். பெட்டியோடு பெட்டியைக் கோக்கும்போது விழும் இடிதான் மோசம், அது திடீரென்று கிடைமட்டமாக வரும்.

இதை ஒரு பொருளை வைத்தே சொல்கிறேன். ஈமச்சின்னக் குழியிலிருந்து எடுத்த பழங்கால இரும்புக் கத்தி ஒன்று வெளியூர்க் கண்காட்சிக்குப் போயிருந்தது. கத்தியின் வடிவத்துக்கே நுரைப்பலகையைக் குடைந்து, அமிலமற்ற மெல்லிய தாளைச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் வைத்து அனுப்பியிருந்தோம். பயணம் முழுவதும் சாலைவழிதான், வண்டியும் நிதானமாகவே போனது. திரும்பி வந்தபோது கத்தி முழுதாக இருந்தது. தாளை விரித்தால் அதன் மடிப்பில் செம்பழுப்பு நிறத்தில் மீன் செதிலைவிட மெல்லிய ஏடுகள் உதிர்ந்துகிடந்தன. அவ்வளவு பழைய இரும்பில் உலோகம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது, துருவே கத்தியின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உதிர்ந்த அந்த ஏடுதான் கத்தியின் மேற்பரப்பு. அதில் பிடியின் மரநார்த் தடமோ, துணிச்சுற்றின் தடமோ இருந்திருந்தால் அதுவும் போனதுதான். ஒட்டிச் சேர்த்தோம், ஆனாலும் முன்பு இருந்ததுபோல் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னுக்குப் போகிறது என்ற அறிவிப்பு 2022-இல் சட்டமன்றத்தில் வெளியானபோது நம் பகுதிக்கே பெருமை சேர்ந்தது. அந்த மண்ணிலிருந்து வந்த இரும்பை ரயிலில் ஏற்றிக் காட்டலாமே என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன அந்தத் தாளின் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுகல்லுக்கு வருகிறேன். ஒரு மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். ரயில் பெட்டி அந்த எடையைப் பொருட்படுத்தாது. கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருந்தால் ஏற்றி இறக்கும் நேரத்தில் போய்விடும். அதைக்கூடத் தகுந்த ஆட்களை வைத்துச் சமாளித்துவிடலாம். என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்தின் வளாகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏற்கெனவே இடம்பெயர்ந்து பாதுகாப்புக்கு வந்தவை. மாவட்டமெங்கும் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் இன்னும் நிற்பவை எத்தனையோ. அவற்றில் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, பொங்கல் படைக்கிறார்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் பட்டு விழுந்த ஒருவனுக்காக, மகேந்திரவர்மன் காலத்தில் வட்டெழுத்துப் பொறித்து நட்ட கல், இன்றைக்கும் ஒரு குடும்பத்துக்குக் குலதெய்வமாக நிற்கிறது. அதைப் பெயர்த்து எடுத்துப்போய்க் கண்ணாடிக்குள் வைக்கும் உரிமை எந்த அருங்காட்சியகத்துக்கும் கிடையாது. வரலாற்று ஆர்வலர்கள் சிலர் என்னோடு உடன்படமாட்டார்கள், எண்ணெயும் குங்குமமும் எழுத்தைக் கெடுக்கின்றன என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு எழுத்தை மூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கும்பிடுகிற ஆள் இருப்பதால்தான் அந்தக் கல் இதுவரை துவைகல்லாகவும் பாலத்துக் கல்லாகவும் மாறாமல் தப்பியிருக்கிறது என்பதும் உண்மை.

அப்படியானால் பெட்டிக்குள் எதை வைப்பது? படிகளை, அதாவது நகல்களை, வையுங்கள். கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, தூரிகையால் எழுத்துக் குழிகளுக்குள் அடித்து இறக்கி, காய்ந்து வரும்போது மை ஒற்றி எடுக்கும் மைப்படி, பயிற்சியுள்ளவர் எடுத்தால் கல்லுக்குத் தீங்கு செய்யாது. கறுப்புப் பரப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி நிற்கும், கல்லில் கண்ணுக்குத் தட்டாத கோடுகூடப் படியில் தெரியும். முப்பரிமாண உருவத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நாலாபக்கமும் புகைப்படங்கள் எடுத்து, கணினியில் இணைத்து, அச்சில் வார்த்துவிடலாம். கல்லைத் தொடவே வேண்டாம். நார்க்கண்ணாடியில் (ஃபைபர்கிளாஸ்) வார்த்த நடுகல்லை இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள். முக்கியமாக, பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கலாம். பார்வையற்ற மாணவர் ஒருவர் வீரனின் கையிலுள்ள வில்லையும் அவன் காலடியில் நிற்கும் மாட்டையும் விரலாலேயே கண்டுகொள்ள முடியும். அசலை வைத்தால் இதற்கு நானே அனுமதிக்க மாட்டேன்.

இன்னொரு பொருளும் இருக்கிறது, அதுதான் ரயிலுக்கே உரியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின், தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப் பஞ்ச நிவாரணப் பாதைகள் அமைக்கப்பட்டன. அந்த வகையில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இலும் இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் வந்தன. தர்மபுரிப் பாதை 1913-இல் ஒசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல், எல்லாம் மூடப்பட்டன. தர்மபுரிக்குப் பிற்பாடு சேலம் – பெங்களூர் பாதை வந்தது. மொரப்பூரையும் தர்மபுரியையும் மீண்டும் இணைக்கும் 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு மட்டும் போனது போனதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு நீராவி ரயில் வந்து நின்ற மாவட்டத் தலைநகரில் இன்றைக்குத் தண்டவாளமே இல்லை. இந்தப் பகுதிக்கு ஒரு நீராவி ரயில் கண்காட்சி வருமானால் அதன் முதல் பெட்டி இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். பஞ்சம், தானியம், குறும்பாதை, போர், மூடல் என்று பழைய வரைபடங்களும் ஊர்ப்பெரியவர்களின் வாய்மொழியும் போதும். பாதுகாக்கக் கடினமான பொருள் எதுவும் அதில் தேவைப்படாது.

கிருஷ்ணகிரிப் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த மாவட்டத்தில் ராயக்கோட்டை, ஒசூர், சாமல்பட்டி நிலையங்கள் இருக்கின்றன. ராயக்கோட்டையில் ரயிலை நிறுத்தி நகரத்திலிருந்து பஸ்ஸில் அழைத்து வரலாம். ஆனால் அதைவிட நல்லது கண்காட்சியே பஸ்ஸில் போவது. கொல்கத்தாவின் பிர்லா தொழில் அருங்காட்சியகம் 1965-இலேயே பஸ்ஸில் கண்காட்சி அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. ரயிலில் உள்ள வார்ப்புகளிலும் மைப்படிகளிலும் இன்னொரு தொகுதி செய்து பஸ்ஸில் ஏற்றினால், தளியும் அஞ்செட்டியும்கூட விட்டுப்போகாது. படிகளை வைப்பதன் இன்னொரு நன்மை இது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நீராவி இன்ஜினில் தொடங்காதீர்கள், அதில் தொடங்கும் எந்த மனுவும் பாய்லர் சான்றிதழிலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்ற பழைய பெட்டிகள் மூன்றைக் கேளுங்கள். தர்மபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் இருக்கிறது, மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில். மனு இரண்டு இடத்துக்கும் போக வேண்டும், ஒன்றுக்கு மட்டும் அனுப்பினால் மற்றதைக் கைகாட்டிவிடுவார்கள். மைப்படிகளுக்கும் வார்ப்புகளுக்கும் தொல்லியல் துறையையும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரையும் அணுகுங்கள். மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நான்கு நாட்கள் நிறுத்தக்கூடிய பிளாட்பாரம் எது, அங்கே குடிநீரும் கழிப்பறையும் நிழலும் உண்டா, சக்கர நாற்காலி பெட்டிக்குள் ஏறச் சாய்தளம் போட முடியுமா என்பதை நிலைய மேலாளரிடம் நேரில் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்தைக் குறிப்பிடும்போது மார்ச், ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள், தேர்வும் வெயிலும் சேர்ந்து வரும். டிசம்பர் அல்லது ஜனவரி என்று கேளுங்கள்.